கரப்பானுக்கு அத்தையின் பத்தியமா, ஆய்வகத்தின் பட்டியலா?

என் மகளுக்கு நான்கு வயது ஆகும்வரை எங்கள் வீட்டில் வெள்ளைத் தலையணை உறை கிடையாது. விடிந்து பார்த்தால் உறையில் சிறுசிறு ரத்தப் புள்ளிகள் இருக்கும். முழங்கை மடிப்பையும் முழங்காலின் பின்குழியையும் தூக்கத்திலேயே சொறிந்துகொள்வாள். நகத்தை ஒட்ட வெட்டிவிட்டால் புறங்கையால் தேய்ப்பாள். எக்ஸிமா எனப்படும் தோல் அழற்சியான இந்தக் கரப்பானோடு மல்லுக்கட்டிய மூன்று ஆண்டுகளில், உணவை வைத்து இதை ஆற்ற மூன்று வழிகளைப் பார்த்துவிட்டோம். மூன்றும் ஒன்றையொன்று மறுக்கிற வழிகள்.

முதல் வழி என் மாமியாருடையது. கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்த அத்தை, பேத்தியின் கையைப் பார்த்த அன்றே மீனை நிறுத்தச் சொன்னார். கூடவே கருவாடு, முட்டை, கத்தரிக்காய். சித்த மருத்துவத்தில் கரப்பான் பண்டங்கள் என்று சொல்லப்படும் சோளம், கம்பு, வரகு, வாழைக்காய், பாகற்காய் ஆகியவையும் சேர்ந்துகொண்டன. முந்திரிக்கும் தடை. பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்கள் கருத்துத் தோலுரிவதை அவர் பார்த்திருக்கிறார். அது கொட்டையின் ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு வரும் புண். பருப்பைத் தின்பதால் வருவதில்லை. ஆனாலும் அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பது புரிந்தது.

இரண்டாவது வழி ரத்தப் பரிசோதனை. பெயர் வேண்டாம், ஓர் ஆய்வகத்தில் பெரிய தொகை கட்டி எடுத்தோம். அரிசி, கோதுமை, பால், முட்டை, வேர்க்கடலை, இறால் எனப் பதினெட்டுப் பொருள்களுக்கு எதிரே சிவப்புக் குறி போட்ட தாள் வந்தது. அச்சடித்த தாளை யார் மறுப்பது? இரண்டு பட்டியல்களையும் சேர்த்துக் கடைப்பிடித்தோம். இரண்டு மாதங்களில் குழந்தையின் எடை ஒரு கிராம்கூட ஏறவில்லை, அரிப்பும் குறையவில்லை. மூன்று வயதுக் குழந்தை பக்கத்து வீட்டு இட்லியைப் பார்த்து அழுத அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது.

புதுச்சேரியில் நாங்கள் பார்த்த தோல் மருத்துவர் தாளை மடித்து வைத்துவிட்டு விளக்கினார். ஐஜிஇ என்னும் எதிர்ப்புப் புரதம் ரத்தத்தில் தெரிந்தால், அந்த உணவை உடல் அடையாளம் கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள். அதைத் தின்றால் ஒவ்வாமை வரும் என்று பொருளில்லை. கடுமையான கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு மொத்த ஐஜிஇ அளவே கூடுதலாக இருப்பதால் பட்டியலும் நீண்டுவிடும். ஐஜிஜி என்ற பெயரில் விற்கப்படும் சோதனை இன்னும் மோசம். குழந்தை எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும்.

பட்டியலை நம்பி உணவை நிறுத்துவதில் பசியைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவால் கரப்பான் கூடுகிறது என்று கருதப்பட்ட 298 பேரைப் பார்த்தார்கள். அதற்குமுன் உடனடி ஒவ்வாமையே வந்திராதவர்களில், விலக்கு உணவு தொடங்கியபின் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அது புதிதாக வந்தது. வாய்வழியாக நாள்தோறும் போய்க்கொண்டிருந்தவரை உடல் பொறுத்துக்கொண்ட உணவு, நிறுத்தியபின் சிலருக்குப் பகையாகிவிடுகிறது.

வேர்க்கடலையிலும் இதே பாடம்தான். மூன்று வயதுவரை கொடுக்காதீர்கள் என்று 2000இல் அறிவுரை சொன்ன அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் 2008இல் அதைக் கைவிட்டார்கள். 2015இல் லண்டனில் கிடியன் லாக் குழுவினர், கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு வெளிவந்தது. முதல் வயதிலேயே கடலை கொடுக்கப்பட்டவர்களில் ஐந்து வயதில் கடலை ஒவ்வாமை ஏறக்குறைய 80 சதவீதம் குறைந்திருந்தது.

இந்த இரண்டு பட்டியல்களில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் அத்தையின் பக்கம்தான் நிற்பேன். பத்தியத்துக்கு ஒரு முடிவு நாள் உண்டு. மருந்து, மருந்து முடிந்தபின்னும் சில நாள் தொடரும் மறுபத்தியம், பிறகு வழக்கமான சாப்பாடு. ஆய்வகத் தாளில் முடிவு நாள் இல்லை. அவர் கருவாட்டைத் தடுத்ததிலும் ஏதோ இருக்கலாம். பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெரியவர்களின் சிறுநீரைப் பார்த்த 2024 ஆய்வில், சோடியம் ஒரு கிராம் கூடினால் கரப்பான் இருக்கும் வாய்ப்பு 11 சதவீதம் கூடியிருந்தது. உப்புதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் உப்பில் ஊறிய கருவாட்டைக் குழந்தைக்குக் குறைப்பதில் நட்டமில்லை.

மீன் விஷயத்தில் பார்க்க வேண்டியது ஐஸ். சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்றவை வெயிலில் கிடந்தால் கிருமிகள் அவற்றில் ஹிஸ்டமின் என்ற அரிப்பூட்டும் வேதிப்பொருளை உண்டாக்கிவிடும். குழம்பு எவ்வளவு கொதித்தாலும் அது அழியாது. தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து உடம்பெல்லாம் அரிக்கும். மீனே ஒத்துக்கொள்ளவில்லை என்று பலர் முடிவு கட்டுவது இதனால்தான். துறைமுகத்தில் செவுள் சிவந்து, கண் தெளிந்து, ஐஸில் கிடக்கும் மீனை வாங்கிக் கொடுத்தபோது என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்றாவது வழிதான் எங்களுக்குப் பலித்தது: முதலில் தோல், பிறகு ஒரே ஓர் உணவு. தோலின் தடுப்புச் சுவருக்கு வேண்டிய ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுக் குறைக்கும் கரப்பானுக்கும் தொடர்பு உண்டு என்பதை ஆய்வு காட்டியது 2006இல். வெடித்த தோல்வழியாக நுழையும் உணவுத்துகளே ஒவ்வாமையைத் தூண்டக்கூடும். ஜப்பானில் கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. அதைக் கேட்டதிலிருந்து புண்பட்ட தோலில் பயத்தமாவும் கடலைமாவும் தேய்ப்பதை விட்டுவிட்டேன். குளித்து, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் களிம்பு. சிவந்த இடத்துக்கு மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு, சொன்ன நாள்வரை மட்டும். தேங்காய் எண்ணெயும் கைகொடுக்கும். பிலிப்பைன்ஸில் கரப்பான் உள்ள குழந்தைகளிடம் சோதித்தபோது மினரல் எண்ணெயைவிட அது நன்றாக வேலை செய்தது. தயிர்க் கிருமி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை இரண்டுக்கும் செலவழிக்கவில்லை. முதலாவதால் கரப்பானுக்குப் பெரிய பலன் இல்லை என்பது 2018இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்தது.

ஆறு வாரங்களில் தோல் பாதிக்குமேல் ஆறிவிட்டது. உணவில் எதையும் விலக்காமலே! மிச்சமிருந்த அரிப்புக்குத்தான் நாட்குறிப்பு வைத்தோம். இட்லி, பால், மீன், கத்தரிக்காய் எதுவும் சிக்கவில்லை. முட்டை தின்ற இரவுகளில் மட்டும் அரிப்பு கூடியது. மூன்று வாரம் அதை மட்டும் நிறுத்தினோம். மீண்டும் கொடுத்துப் பார்த்தது மருத்துவர் முன்னால். உதடு வீங்குதல், தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு இவற்றில் ஒன்று ஒருமுறை வந்திருந்தாலும் அந்த உணவை வீட்டில் சோதிக்கவே கூடாது. அவளுக்கு வாயைச் சுற்றி இரண்டு தடிப்பு வந்தது. ஆக, எங்கள் வீட்டு எதிரி முட்டை. பதினெட்டில் ஒன்று.

இப்போது அவளுக்கு ஆறு வயது. கேக்கில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொள்கிறது. ஆம்லெட்டை அடுத்த மாதம் மருத்துவர் முன்னால் மறுபடி கொடுத்துப் பார்க்கப்போகிறோம். அத்தையும் கூட வருவதாகச் சொல்லியிருக்கிறார்.