அரசுப் பஸ்ஸா, தனியார் லாரியா?

பாலக்காட்டுக்கு அரசுப் பஸ் ஓட்டினாலும் வாளையாறு வழியே லாரி ஓட்டினாலும் உரிம விதி ஒன்றுதான்: மருத்துவச் சான்று, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பு. லேசான நிறக்குருடு 2020 முதல் தடையில்லை. வேறுபாடு கண் மங்கிய பிறகே தெரியும்.

அரசுப் பஸ் ஓட்டுநருக்குப் பணிக்காலத்தில் பார்வை போனால், 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 20ஆம் பிரிவு துணை நிற்கிறது. வேலையிலிருந்து நீக்கக் கூடாது. அதே ஊதிய விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். இடமில்லையென்றால் கூடுதல் பணியிடம் உருவாக்க வேண்டும். ஏட்டில் உள்ளதைக் கைக்குக் கொண்டுவர நீதிமன்றப் படியேற வேண்டியிருப்பது வேறு கதை. தெலங்கானாவில் நிறக்குருடு என்று வெளியேற்றப்பட்ட பஸ் ஓட்டுநருக்கு மாற்றுப் பணி தரும்படி உச்ச நீதிமன்றம் சொன்னது 2025இல்தான்.

லாரியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. கஞ்சிக்கோட்டுச் சாலையில் இரவில் எதிர்விளக்கு கூசுகிறது என்று ஓட்டுநர் வாய்விட்டால் போதும், முதலாளி சாவியை வாங்கிக்கொள்வார். இரண்டுக்கும் வாய்ப்புள்ள இளைஞர் கேட்டால், பஸ்ஸையே கைகாட்டுவேன்.