மர்ம நாவல் வாசகருக்குக் கிண்டில் பேப்பர்ஒயிட்: முடிவைக் காட்டிக்கொடுக்காமல் இருக்குமா?

துப்பறியும் கதையில் நாற்பதாம் பக்கத்தில் தோட்டக்காரர் சொன்ன நேரம், இருநூறாம் பக்கத்தில் பொய்யென்று தெரியவரும். உடனே அந்தப் பழைய வரியைப் பார்த்தாக வேண்டும். அமேசானின் மின்னூல் வாசிப்புக் கருவியான கிண்டில் பேப்பர்ஒயிட்டை அந்தத் தேவையை வைத்தே எடைபோட வேண்டும். 2024இல் வந்த மாடலின் திரை 7 அங்குலம், 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்). எழுத்துத் தெளிவில் குறையே இல்லை.

பின்னால் போக, பக்கங்களைப் புரட்டிப் பார்க்க உதவும் பேஜ் ஃப்ளிப் அருமையான வசதி. எத்தனை பக்கம் புரட்டினாலும், படித்துக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரே தட்டில் திரும்பிவிடலாம். ஆபத்து தேடலில்தான். ஒரு பெயரைத் தேடினால், இன்னும் படிக்காத அத்தியாயங்களின் வரிகளும் சேர்ந்தே வரும். கடைசி அத்தியாயத்து வரி ஒன்று கண்ணில் பட்டால் போச்சு! முடிவுகள் கதை வரிசையில் இருப்பதால் மேலே உள்ளவற்றை மட்டும் பாருங்கள். பெயருக்குப் பதில் ‘கடிகாரம்’, ‘கையுறை’ என்று பொருளைத் தேடினால் பட்டியலும் சுருங்கும்.

நாவலைத் தொடங்கும் முன்பே பாப்புலர் ஹைலைட்ஸை அணைத்துவிடுங்கள். பலர் கோடிட்ட வரி என்று காட்டினால் அது துப்பு என்று ஊகித்துவிடுவோம். இடது கீழ் மூலையைத் தட்டித் தட்டி, மீதமுள்ள நேரத்தையும் மறைத்துவிடலாம். நூலில் 60 சதவீதம் படித்ததுமே கைதாகிறவர் கொலையாளி அல்ல என்று, மீதமுள்ள அளவே சொல்லிவிடுமே. அந்தச் சதவீதத்தையும் முழுதாக நம்ப முடியாது: கடைசியில் அடுத்த நாவலின் முன்னோட்டத்தைச் சேர்த்திருந்தால் கதை முன்னதாகவே முடிந்துவிடும்.

விமர்சனம் எழுதுகிறவருக்கு இந்தக் கருவி பெரிய வரம். வரியைக் கோடிட்டு, குறிப்பில் ஓர் எண் மட்டும் போடுங்கள்: 1 துப்பு, 2 திசைதிருப்பல், 3 முரண். மின்மை (இ-இங்க்) திரையில் தட்டச்சு மெதுவாக நகரும், அதற்குமேல் எழுதுவது வீண். யுஎஸ்பியில் இணைத்தால் ‘மை கிளிப்பிங்ஸ்’ என்ற கோப்பு கிடைக்கும். அதில் குறிப்புகள் கதை வரிசையில் இருக்காது, நீங்கள் குறித்த வரிசையில் தேதி, நேரத்தோடு இருக்கும். கருவியில் ஒரு குறிப்பை அழித்தாலும் கோப்பில் அது அப்படியே நிற்கும். ஆகவே யார்மேல் எப்போது சந்தேகப்பட்டோம், எந்த வரி நம்மை ஏமாற்றியது என்பதற்கு, கருவியில் அழித்தாலும் மறையாத சாட்சி கிடைக்கிறது. ஆசிரியர் துப்புகளை நேர்மையாக முன்வைத்தாரா என்று தீர்ப்புச் சொல்ல இதைவிட நல்ல ஆதாரம் வேண்டுமா?

மேற்கோளுக்கு இடம் குறிப்பிடுவது மட்டும் சிக்கல். அச்சுப் பதிப்போடு பதிப்பகம் இணைக்காத நூலில் அச்சுப் பக்க எண் கிடைக்காது, மின்னூலுக்குள் இடத்தைக் காட்டும் லொகேஷன் எண்ணை நம்ப வேண்டியிருக்கலாம். அச்சுப் பிரதி வைத்திருப்பவருக்கு அது உதவாது. அத்தியாய எண்ணைக் கொடுங்கள்.

வீட்டின் வரைபடம் உள்ள நாவல்களில் கருவி தடுமாறுகிறது. எழுத்தளவைக் கூட்டினாலும் படம் பெரிதாகாது, தனியே விரித்துத்தான் பார்க்க வேண்டும். மங்கலாக ஸ்கேன் செய்த படமென்றால் எது கதவு, எது ஜன்னல் என்றே தெரியாது. யாரும் நுழைய முடியாத அறையில் கொலை நடக்கும் ‘பூட்டிய அறை’க் கதைகளை அச்சிலேயே வாங்குங்கள்.