படம் தங்கம், உருண்டை தகரம்: கையடக்க ஸ்கேன் மெஷினில் இரண்டு வருடம்

ட்ராக்பாலை, அதாவது திரையில் அளவுக்குறியை நகர்த்துகிற உருண்டையை, கழற்றிக் கழுவி எங்கள் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் மெஷின் திரும்பி வந்திருக்கிறது. இது மூன்றாவது தடவை. விலை இறங்கியதும் "நாய்களுக்கு இது சரிவருமா, வாங்கலாமா?" என்று கேட்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

படத்தைக் குறை சொன்னால் வாய் அழுகும். மைக்ரோ கொன்வெக்ஸ் ப்ரோப்பில் (உடம்பில் வைக்கிற, முகம் வளைந்த சின்னக் கருவி), சின்ன நாய்க்கு ஆழத்தை 6 சென்ரிமீற்றரில் வைத்தால் இடது சிறுநீரகத்தின் வெளிப்பகுதியான மேற்பட்டையும் உட்பகுதியான மையவிழையமும் கோடு கிழித்தாற்போல் பிரிந்து தெரியும். கரண்ட் போனாலும் பற்றரியிலேயே ஒரு நாயை முடித்துவிடலாம்.

அளவெடுக்கப் போனால்தான் தலைவலி. பொமரேனியனுக்கும் லாப்ரடோருக்கும் 'சிறுநீரகம் இத்தனை சென்ரிமீற்றர்' என்று ஒரே கணக்குச் சொல்ல முடியாது. அதனால் சிறுநீரக நீளத்தைப் பெருநாடியின் உள்விட்டத்தால் வகுக்கிறோம். 5.5க்குக் கீழே என்றால் சிறுத்திருக்கிறது, 9.1ஐத் தாண்டினால் பெருத்திருக்கிறது. பெருநாடியை அளப்பது, இடது சிறுநீரக நாடி பிரிகிற இடத்துக்குச் சற்றுப் பின்னால், துடிப்பில் அது முழுதாக விரிந்த படத்தில். அந்தப் படத்தைத் தேடிப் பின்னுக்கு ஓட்டுவதும் இந்த உருண்டைதான், குறி வைப்பதும் இதே உருண்டைதான். உள்ளே போன ஜெல்லும் நாய் மயிரும் கொழும்புப் புழுக்கத்தில் காய்ந்தும் காயாமலும் பிசினாகிவிடும். குறி ஒட்டிக்கொண்டு நிற்கும். பிறகு திடீரென்று பாயும்.

பாய்ந்தால் என்ன என்கிறீர்களா? நீளம் 45 மில்லிமீற்றர், பெருநாடி 6 என்றால் 7.5. ஒரு பிரச்சினையுமில்லை. நீளத்தில் ஒரு மில்லிமீற்றர் கூடினாலும் 7.7தான். ஆனால் பெருநாடியில் குறி சறுக்கி 4.8 என்று விழுந்தால் 9.4! வீங்காத சிறுநீரகம் ரிப்போட்டில் வீங்கிவிடும். சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற, சில மில்லிமீற்றரே தடிப்புள்ள அதிரினல் சுரப்பியை இந்த மெஷினில் அளப்பதை விட்டே விட்டாயிற்று.

படத்தை நிறுத்திய பிறகு ஆழத்தை மாற்ற விடாது என்பது இன்னொரு எரிச்சல். பெருநாடியைத் திரையில் பெரிதாகக் கொண்டுவந்த பிறகே நிறுத்துங்கள்; மூன்று தடவை அளந்து, ஒன்று மட்டும் தனியே நின்றால் அதைத் தள்ளிவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். நீளத்தில் வருகிற பிழை வேறு மாதிரி: ஸ்கேன் காட்டுகிற குறுக்குவெட்டு சிறுநீரகத்தின் நீளவாக்கிலிருந்து சரிந்தால் சிறுநீரகம் குறுகித் தெரியும். இரண்டு முனையும் உருண்டு முழுதாகத் தெரிகிற படங்களில் நீளம் கூடியதை எடுங்கள். வலது சிறுநீரகம் விலாவுக்குள் ஒளிந்திருக்கும். நெஞ்சு ஆழமான நாய்களில் விலா இடைவெளிக்குள்ளால்தான் பிடிக்க வேண்டும்.

மயிரை வழிக்கச் சோம்பல்பட்டு ஸ்பிரிற்றை ஊற்றி ஸ்கேன் பண்ணுகிறவர்களுக்கு: ப்ரோப் முகத்து றப்பர் காய்ந்து வெடிக்கும். அந்தக் குற்றத்தையாவது மெஷின் மேல் போடாதீர்கள்.

வாங்கலாமா? இந்த விலைக்கு இதைவிட நல்ல படம் கிடைக்காது. ஆனாலும் வேண்டாம் என்பேன். விலைக்கு மயங்கி எடுப்பதென்றால், கடைக்காரர் காட்டுகிற படத்தை விட்டுவிட்டு, விரலில் ஜெல்லைப் பூசி அந்த உருண்டையைக் கொஞ்சநேரம் உருட்டிப் பாருங்கள்.