நிறமா, இடமா, காலா? நீர்ப்புழுவை எதைக் கொண்டு பிரிப்பது

கிருஷ்ணகிரி அணையோரச் சேற்றை ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தட்டில் கரைத்தால், சிவப்புப் புழுக்கள் நெளிவதைக் காணலாம். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் ரத்தப்புழு என்று வாங்குவதும் இதைத்தான். கொசு போலிருந்தும் கடிக்காத மிட்ஜ் பூச்சிகளான கைரோனோமிட் குடும்பத்தின் இளம்பருவம் இது.

பலரும் நிறத்தைப் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறார்கள். இருக்கும் வழிகளில் மட்டமானது அதுதான். சிவப்புக்குக் காரணமான ஹீமோகுளோபின், ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பிழைக்க உதவுகிறது. ஆனால் மண்புழுவின் உறவான டியூபிஃபெக்ஸ் புழுவும் சிவப்புதான். அதற்குத் தனித் தலை கிடையாது என்பதைக் கவனித்தால் போதும். மறுபக்கம், ஒகேனக்கல் பாறைப் பாசியில் வாழும் கைரோனோமிட்களில் பல பச்சையாகவோ வெளிறியோ இருக்கும். போதாக்குறைக்கு, ஆல்கஹாலில் போட்டு வைத்தால் சிவப்பும் வெளுத்துவிடும்.

இடம் சற்றுத் தேவலாம். ஆனாலும் ஓடும் நீரில் ஒரே கல்லின் மேல் இரண்டு குடும்பங்கள் இருக்கும். பருத்த பின்முனையால் கல்லைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளை விரித்து இரை வடிகட்டுவது கருப்பு ஈயின் புழு. பட்டிழையும் மண்ணும் சேர்த்துக் கட்டிய குழலுக்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் கைரோனோமிட்.

என் ஓட்டு காலுக்குத்தான். பத்து மடங்கு பெரிதாக்கும் கை லென்ஸ் போதும். கைரோனோமிட்டுக்குத் தலையை ஒட்டி ஒரு ஜோடி, பின்முனையில் ஒரு ஜோடி எனக் கணுவில்லாத குட்டைப் போலிக்கால்கள் இருக்கும், நுனியில் நுண்கொக்கிகள். சேற்றில் வாழும் கைரோனோமஸ் இனங்கள் பலவற்றில் பின்பக்க அடிப்பகுதியில் விரல் போன்ற நான்கு குழல்களும் தொங்கும். கொசுப்புழுவுக்குப் போலிக்கால் இல்லை, நெஞ்சு உப்பியிருக்கும். கியூலிகாய்ட்ஸ் என்னும் கடிக்கும் மிட்ஜின் புழுவுக்கும் போலிக்கால் இல்லை. நூலாக மெலிந்து, பாம்பு போல் வளைந்து வளைந்து விரைந்து நீந்தும்.

ஆடு வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது இந்தக் கடைசிப் புழுவைத்தான். செம்மறிக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவது கியூலிகாய்ட்ஸ் பூச்சி. அது வளர்வது சாணம் கலந்த ஈர மண்ணிலும் தொட்டியோரச் சேற்றிலும். தொட்டிக்குள் கிடக்கும் ரத்தப்புழுவை மருந்தடித்துக் கொன்றால் செலவுதான் மிச்சம்.

இனப் பெயர்வரை போக வேண்டுமென்றால் லென்ஸ் உதவாது. தலையைக் கண்ணாடித் தகட்டில் பதித்து, தாடைப் பற்களை நுண்ணோக்கியில் எண்ண வேண்டும். இதற்கு மாற்றாக, பூச்சி பறந்தபின் மிதக்கும் கூட்டுப்புழுத் தோல்களைத் திரட்டும் முறையை ஜெர்மன் விலங்கியலாளர் தீனமன் 1910-லேயே எழுதிவைத்தார். ஓரத்து நுரையில் அவை ஏராளமாகச் சேரும். கெலவரப்பள்ளி அணையில் பொங்கும் நுரையில் மட்டும் கைவைத்துவிடாதீர்கள்; அது கழிவுநீர் தந்த சீர். தோல் ஓடும் நீரில் மிதந்து வருவதால், எந்தக் கல்லிலிருந்து வந்தது என்று சொல்லாது. வாழிடத்தை ஆராயும் மாணவர் புழுவைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இனப் பட்டியல் மட்டும் போதுமென்பவருக்குத் தோலே சுலபம்.