வளர்ந்தபின் வரும் உணவு அலர்ஜி: தோல் சோதனையா, ரத்தப் பரிசோதனையா?

பல வருடங்களாக ஒன்றும் செய்யாத இறால், ஒருநாள் சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடிப்பைக் கிளப்பிவிடும். ஆப்பிளைக் கடித்ததும் உதடும் தொண்டையும் அரிக்கும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் உணவு அலர்ஜி பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். காரணம் எது என்று பார்க்க இரண்டு வழிகள் உண்டு: தோலில் குத்திப் பார்ப்பது, ரத்தத்தில் அளந்து பார்ப்பது. இரண்டும் தேடுவது ஒன்றையேதான், அந்த உணவுக்கு எதிராக உடம்பு உண்டாக்கி வைத்திருக்கும் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளை. நான் தோல் சோதனையைத்தான் முதலில் வைப்பேன்.

முடிவு அங்கேயே, அப்போதே தெரியும் என்பது எல்லோரும் சொல்வதுதான். முன்கையின் உட்புறத்தில் 2 செ.மீ. இடைவெளி விட்டு உணவுச் சாற்றின் சொட்டுகள் வைத்து, 1 மி.மீ. முனையுள்ள லான்செட் என்ற சிறு ஊசியால் மேலாகக் குத்துவார்கள். கூடவே ஒப்பிட்டுப் பார்க்க, தோலைத் தடிக்க வைக்கும் ஹிஸ்டமின் சொட்டு ஒன்று, எதுவும் செய்யாத உப்புநீர்ச் சொட்டு ஒன்று. 15 முதல் 20 நிமிடத்தில், உப்புநீர் இடத்தைவிட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தால் பாசிட்டிவ். ஹிஸ்டமின் இடமே தடிக்கவில்லை என்றால் அந்தச் சோதனை செல்லாது. பெரும்பாலும் காரணம், செட்டிரிசின் போன்ற அலர்ஜி மாத்திரையை நிறுத்தாமல் வந்திருப்பது. 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்த வேண்டும். இருமல், சளி மருந்துக் கலவைகளிலும் இந்த வகை மருந்து ஒளிந்திருக்கும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை.

என்னைத் தோல் சோதனையின் பக்கம் சாய்ப்பது வேறொன்று: சாப்பிட்ட பொருளையே கொண்டுவந்து சோதிக்க முடியும். பெரியவர்களுக்குப் பழத்தால் வரும் அலர்ஜியில் பாதிக் கதை மகரந்தத்தில் தொடங்குகிறது. பிர்ச் மர மகரந்தத்தில் உள்ள புரதமும் ஆப்பிளில் உள்ள புரதமும் ஒன்றுபோல இருப்பதால் உடம்பு ஏமாறுகிறது. அந்த ஆப்பிள் புரதம் சீக்கிரம் சிதையும். வேகவைத்தால் போய்விடும், புட்டியில் அடைத்த சோதனைச் சாறிலும் நிற்பதில்லை. அதனால்தான் வேகவைக்காத ஆப்பிள் வாயை அரிக்கும், வேகவைத்த ஆப்பிள் ஒன்றும் செய்யாது, புட்டிச் சாறு நெகட்டிவ் காட்டும். லான்செட்டை முதலில் பழத்தில் குத்தி, அதே முனையால் தோலில் குத்தினால் இந்தத் தவறு நீங்கும். எந்த ரகத்தைச் சாப்பிட்டு அரித்ததோ அதையே, தோலோடு கொண்டுபோக வேண்டும். இறால், நண்டு என்றால் பச்சையாகவும் வேகவைத்தும் இரண்டு விதமாகவும் பார்ப்பது நல்லது. ஒரு எச்சரிக்கை: கடுகு போன்ற காரமான பொருள்கள் அலர்ஜி இல்லாதவர் தோலையும் சிவக்க வைக்கும். அப்போது அலர்ஜி இல்லாத ஒருவர் கையிலும் குத்தி ஒப்பிட வேண்டும்.

ரத்தப் பரிசோதனை வெல்லும் இடங்களும் உண்டு. கீறினாலே தடிக்கும் தோல், கைமுழுக்க எக்சிமா என்ற தோல் அழற்சி, நிறுத்த முடியாத மாத்திரை என்றால் ரத்தம்தான் வழி. இறைச்சி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்து, நடு இரவில் தடித்து எழுபவர்களுக்கு ஆல்ஃபா-கால் என்ற இறைச்சிச் சர்க்கரைக்கு எதிரான ஐஜிஇ அளவை ரத்தத்தில் பார்ப்பதே சரி. இந்த அலர்ஜி உண்ணிக் கடியால் வருவது, தோலில் சாறு வைத்தால் பல நேரம் தப்பிவிடும். கோதுமை சாப்பிட்டு ஓடினால் மட்டும் மயங்கி விழுபவர்களுக்கு, ஒமேகா-5 கிளியாடின் என்ற கோதுமைப் புரதத்துக்கு எதிரான ஐஜிஇ-யை ரத்தத்தில் பார்க்க வேண்டும். இந்த இரண்டிலும் தோலை நம்பி உட்கார வேண்டாம்.

இரண்டுக்கும் பொதுவான பலவீனம், பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜி என்று ஆகிவிடாது என்பது. ரத்தத்தில் ஐஜிஇ பாசிட்டிவ் எல்லையான 0.35 அலகைத் தாண்டியும் அந்த உணவை நிம்மதியாகச் சாப்பிடுபவர்கள் ஏராளம். அதனால் சந்தேகப்படும் ஒன்றிரண்டு உணவை மட்டும் கேளுங்கள். ஐம்பது உணவுக்கு மொத்தமாக எடுத்தால் தேவையில்லாமல் பாதி உணவை விட வேண்டிவரும். ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பல உணவுகளுக்கு அளக்கும் பட்டியல் சோதனையை எடுக்கவே வேண்டாம். அது நீங்கள் எதைச் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான் காட்டும். அலர்ஜியைக் கண்டறிய அது உதவாது என்று ஐரோப்பிய அலர்ஜி அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது.

அறிகுறியும் சோதனையும் பொருந்தாதபோது, மருத்துவர் முன்னால், அலர்ஜி முற்றினால் போடும் அட்ரினலின் ஊசி தயாராக இருக்க, அந்த உணவையே மிகச் சிறிய அளவில் தொடங்கி 15 முதல் 30 நிமிட இடைவெளியில் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதுதான் முடிவான சோதனை. வீட்டில் தனியாகக் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு உயிரளவு. உடற்பயிற்சி, மது, வலி மாத்திரை இவற்றில் ஒன்று சேர்ந்தால்தான் சிலருக்கு அலர்ஜி கிளம்பும். அப்படிப்பட்டவர்களுக்கு இந்தச் சோதனையும் சும்மா உட்கார்ந்தபடி செய்தால் பொய்யாக நெகட்டிவ் காட்டலாம். ஆகவே அலர்ஜி வந்த நாளில் சாப்பாட்டோடு வேறு என்ன நடந்தது என்பதையும் எழுதி எடுத்துப்போங்கள்.