சைடு பெட்டை எண்ணி ஜெயிக்க முடியுமா? விசார்ட் ஆஃப் ஆட்ஸ் தளத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

சீட்டு எண்ணத் தெரிந்தால் பிளாக்ஜாக் சைடு பெட்டில் அள்ளிவிடலாம் என்று சொல்லிக் காசு வாங்கும் வகுப்புகள் பெருகிவிட்டன. (பிளாக்ஜாக் என்பது 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்தும் சீட்டாட்டம், சைடு பெட் அதோடு தனியாகக் கட்டும் பந்தயம், எண்ணுவது என்றால் வந்துபோன சீட்டை வைத்து மிச்சத்தைக் கணிப்பது.) பணம் கட்டுவதற்கு முன்னால் ஒரு மாலை நேரம் ஒதுக்கி விசார்ட் ஆஃப் ஆட்ஸ் தளத்தின் பிளாக்ஜாக் பக்கங்களைப் படித்துவிடுங்கள். அமெரிக்க சமூகப் பாதுகாப்புத் துறையில் ஆக்சுவரியாக (காப்பீடு, ஓய்வூதியக் கணக்கு நிபுணர்) இருந்த மைக்கேல் ஷாக்கிள்ஃபோர்ட் 1990களில் தொடங்கிய தளம் இது, படிக்கப் பைசா செலவில்லை.

ஒவ்வொரு சைடு பெட்டுக்கும் எத்தனை டெக், எதற்கு எத்தனை மடங்கு, ஹவுஸ் எட்ஜ் (பந்தயத்தில் சராசரியாகக் கேசினோவுக்குப் போகும் பங்கு) எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. அதை நம்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, நாமே போட்டுப் பார்க்கலாம், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். நம் முதல் இரண்டு சீட்டும் ஜோடியாக வரும் என்று கட்டும் பர்ஃபெக்ட் பேர்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். 6 டெக்கில் 312 சீட்டு. முதல் சீட்டாக ஆட்டின் ராணி வந்துவிட்டால் மீதி 311, அதில் ஆட்டின் ராணி 5, டைமன் ராணி 6, கறுப்பு ராணிகள் 12. இவற்றுக்கு முறையே 25, 12, 6 மடங்கு தருகிறார்கள் என்றால் வரவு 125+72+72, அதாவது 269. மற்ற 288 சீட்டில் எது வந்தாலும் பந்தயம் போச்சு. 100 ரூபாய்க்குச் சராசரியாக 6 ரூபாய் நஷ்டம். இதே மடங்குகள் 8 டெக்கில் கிடைத்தால் நஷ்டம் 4 ரூபாய்தான், ஏனென்றால் டெக் கூடக்கூட ஜோடி சேர்வது சுலபம்.

சரி, இதை எண்ண முடியுமா? எல்லோரும் கற்றுக்கொள்கிற ஹை-லோ முறையில் வெளிவரும் ஒவ்வொரு சீட்டுக்கும், 2 முதல் 6 வரை கூட்டல் ஒன்று, பத்தும் படச்சீட்டும் ஏஸும் கழித்தல் ஒன்று. மிச்சமிருப்பதில் பெரிய சீட்டு அதிகமா இல்லையா என்பதை அது சொல்லும், ஜோடி சேருமா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதற்கு 13 வகைச் சீட்டையும் தனித்தனியாக மனதில் வைத்திருக்க வேண்டும். நம் இரண்டு சீட்டும் டீலரின் திறந்த சீட்டும் வரிசை, ஒரே சூட் போன்ற சேர்க்கையாகும் என்று கட்டும் 21+3 பந்தயத்திலும் இதே கதைதான், அங்கே சூட்டையும் (ஆட்டின், டைமன் போன்ற இனம்) சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஹை-லோ தெரிந்தவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கும் சைடு பெட், எல்லோரும் அலட்சியமாகப் பார்க்கிற இன்சூரன்ஸ். டீலர் ஏஸ் காட்டும்போது அடியில் இருப்பது பத்துமதிப்புச் சீட்டு (10 அல்லது படச்சீட்டு) என்று பந்தயம் கட்டினால் 2 மடங்கு. 6 டெக்கின் தொடக்கத்தில் 311 சீட்டில் 96 தான் பத்துமதிப்பு, அதனால் 7.4% நஷ்டம். ஆனால் மிச்சச் சீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பத்துகள் சேர்ந்த நிமிடமே கணக்கு நம் பக்கம் திரும்பிவிடும். ட்ரூ கவுண்ட், அதாவது ஓடும் எண்ணிக்கையை மீதி டெக்குகளால் வகுத்தால் வருவது, +3 தொட்டால் கட்டலாம், அதற்குக் கீழே தொடவே வேண்டாம்.

லக்கி லேடீஸில் முதல் இரண்டு சீட்டு 20 ஆக வேண்டும், ஆகவே பத்துகள் மிஞ்சினால் அதுவும் சூடு பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆட்டின் ராணி ஜோடிக்கு டீலரின் பிளாக்ஜாக்கும் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்துமதிப்பும்) சேர்ந்தால் 1000 மடங்கு என்று ஆசைகாட்டும் அந்தப் பந்தயத்தின் வழக்கமான அட்டவணை ஒன்றில் ஹவுஸ் எட்ஜ் 25% அருகே. அவ்வளவு பள்ளத்திலிருந்து ஏறிவர எண்ணிக்கை எவ்வளவு உயர வேண்டும் என்று யோசியுங்கள், அப்படி உயர்வது அபூர்வம். வகுப்பு விளம்பரங்கள் அந்த 1000 மடங்கை மட்டும் பெரிய எழுத்தில் போடுகின்றன, எனக்கு அதுதான் கோபம்.

தளத்தில் பயிற்சி ஆட்டமும் உண்டு, தப்பாக ஆடினால் உடனே சொல்லும். மேசை விதிகளைக் கொடுத்தால் ஹவுஸ் எட்ஜ் காட்டும் கால்குலேட்டரும் இருக்கிறது. பிளாக்ஜாக்குக்கு 3:2 க்குப் பதில் 6:5 (100 ரூபாய்க்கு 150 இல்லாமல் 120) தரும் மேசையை அதில் ஒருமுறை போட்டுப் பாருங்கள், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டீர்கள். விளக்கங்கள் சுருக்கமான ஆங்கிலத்தில் இருப்பதால், நிகழ்தகவு மறந்துபோனவர்கள் பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்காருவது நல்லது.

இதையெல்லாம் வீட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் மனக்கணக்காக எண்ணுவது குற்றமில்லை, ஆனால் மேசையில் போன் போன்ற கருவியை வைத்து எண்ணினால் அது பெரிய குற்றம், 1985 முதலே அங்கே அப்படித்தான் சட்டம்.