கேஸ் தட்டுப்பாட்டில் தெர்மல் குக்கர்: ஆறு மாதம் புழங்கிய பிறகு

அடுத்த சிலிண்டர் எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாத சமயத்தில், வேறு வழியில்லாமல் வாங்கியது இது. இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது, ஆனால் எரிபொருள் தட்டுப்பாடு வந்தால் பின்னாலேயே கரண்டும் போய்விடுகிறது, அப்புறம் அது வெறும் கண்ணாடிப் பலகைதான்.

பொருள் என்று பார்த்தால் ஒரு பெரிய பிளாஸ்க், அவ்வளவே. உள்பாத்திரத்தை அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி, வெளிடப்பாவுக்குள் இறக்கிவிட்டால் மிச்ச வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடக்கும். புதிதாக யாரும் கண்டுபிடித்ததில்லை. உலகப் போர்க் காலத்தில் மரப்பெட்டிக்குள் வைக்கோலை அடைத்து இதையேதான் செய்தார்கள்.

இந்தத் தட்டுப்பாட்டில் ஒரு கூத்து என்னவென்றால், லாரி ஓடாததால் காய்கறி வருவதில்லை, கிடைப்பதெல்லாம் காய்ந்த பயறும் கடலையும்தான், அதாவது கேஸ் இல்லாத நேரம் பார்த்து அதிகம் கேஸ் குடிக்கிற சாமான்களே கையில் வந்து சேர்கின்றன. இந்தக் குக்கர் கைகொடுப்பது அங்கேதான். இரவே ஊறவைத்த கொண்டைக்கடலை, அடுப்பில் 15 நிமிடம் கொதி, பிறகு டப்பாவில் நாலு மணி நேரம். விரலால் அழுத்தினால் நசுங்குகிறது. ஆவி வெளியே போகாது என்பதால் தண்ணீர் குறைத்து வைக்க வேண்டும், அது தெரியாமல் முதல் வாரம் முழுக்கக் கூழ்தான் குடித்தோம்.

பாத்திரம் முக்கால்வாசியாவது நிறைந்திருக்க வேண்டும். பாதி காலியாக வைத்தால் சீக்கிரம் ஆறிவிடும், 60 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கிருமி வளர ஆரம்பிக்கும். சிவப்பு ராஜ்மாவில் இன்னும் கவனம் தேவை: ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று குறைந்தது 10 நிமிடம், முடிந்தால் அரை மணி, கொதித்த பிறகுதான் டப்பாவுக்குள் போக வேண்டும். வெறும் வெதுவெதுப்பில் அதன் நஞ்சு போகாது.

குறை இல்லாமல் இல்லை. மூடியின் ரப்பர் வளையம் மூன்றாவது மாதமே தளர்ந்துவிட்டது. விற்ற கடையில் கேட்டால் ஸ்பேர் வராது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். இப்போது பழைய துண்டை மேலே சுற்றி ஓட்டிக்கொண்டிருக்கிறேன். வறுப்பது, தாளிப்பது எதுவும் இதில் நடக்காது, அதற்கு அடுப்புதான்.

ஆனால் கேஸ் மிச்சமாவதைவிட எனக்குப் பெரிய லாபம் வேறு. விடியற்காலை கொதிக்கவைத்து மூடிவிட்டு வரிசையில் போய் நின்றுவிடலாம், வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை, அந்த ஆளும் இன்னொரு வரிசைக்குப் போகலாம். போன வாரம் ஐந்து மணி நேரம் நின்று பெட்ரோல் கிடைக்காமல் திரும்பினேன். வீட்டில் குக்கர் மூடியைத் திறந்தபோது மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு சூடு.

வாங்குவதானால் வீட்டுத் தேவைக்குச் சரியான அளவே போதும், பெரிதாகப் போக வேண்டாம். ரப்பர் வளையம் தனியாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.